விடுபட்ட ஏழு

1947-ன் கடைசி மாதங்களில் லண்டனில் பழைய கார் வியாபாரிகள் எல்லோரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியும் பிரிட்டனின் கஜானா தேறவில்லை. டாலரை மிச்சம்பிடிக்க வேண்டி, சொந்தக் கார்களுக்கு அளந்து கொடுத்துவந்த பெட்ரோல் ரேஷனையும் அரசு நிறுத்திவிட்டது. பெட்ரோலே கிடைக்காத ஊரில் கார் எதற்கு? யூனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்துக்கொண்டே, ஒரு நண்பரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்றுவந்த காலின் சாப்மன் என்ற 19 வயது மாணவரும் மாட்டிக்கொண்டார். கையிருப்பில் இருந்த வண்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டதில், சேர்த்த லாபமெல்லாம் கரைந்தது. ஒரே ஒரு வண்டி மட்டும் போகவில்லை. 1930-ம் வருடத்து ஆஸ்டின் செவன். அதைச் சீந்துவார் யாருமில்லை.

விற்காத சரக்கை என்ன செய்வது? காதலி ஹேஸல் வில்லியம்ஸின் பெற்றோர் வீடு மஸ்வெல் ஹில்லில் இருந்தது. அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வண்டியை நிறுத்தி, அதன் பாடியை முழுக்கக் கழற்றி எறிந்தார். கல்லூரியின் விமானப்படைப் பிரிவில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர் ஆதலால், விமானம் கட்டுகிற மாதிரியே பிளைவுட்டின் மேல் அலுமினியத் தகடு போர்த்திப் புதிய பாடி செய்தார். சேற்றிலும் மேட்டிலும் ஏற்றிப் பார்க்கும் போட்டிகள் அப்போது பிரபலம். அவற்றுக்கு அந்தத் தகர டப்பா 1948-ல் தயாரானது. அதற்கு லோட்டஸ் என்று பெயர் வைத்தார். ஏன் அந்தப் பெயர் என்று கடைசிவரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஹேஸலின் செல்லப்பெயர் என்று ஊர் தானாக ஒரு கதை கட்டிக்கொண்டது. படிப்போ தகராறில் இருந்தது. இறுதித் தேர்வில் கணக்கில் கோட்டைவிட்டு, மறுபடி எழுதித்தான் 1949-ல் பட்டம் வாங்கினார். இந்தக் கணக்குப் புலிதான் அடுத்த முப்பது வருடம் உலகத்தின் பந்தயக் கார்களை எல்லாம் மாற்றி வரையப்போகிறார் என்று அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சேற்றை விட்டு அவர் டிராக்குக்கு வந்ததும் திட்டமிட்டு அல்ல. 1950 ஜூனில், இரண்டாவதாகக் கட்டிய காரைச் சில்வர்ஸ்டோனில் சும்மா ஓட்டிப் பார்த்தார். எதிரே ஒரு புகாட்டி. ஆஸ்டின் எலும்பும் ஃபோர்டு இன்ஜினுமாகச் சேர்த்துக் கட்டிய வண்டி அதை முந்திவிட்டது. ஒருமுறை ருசி கண்டவருக்கு அதன் பிறகு சேறு பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் அவர் செய்த வேலை அநியாயமானது என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. 750 மோட்டார் கிளப் என்று ஒரு சங்கம், பழைய ஆஸ்டின் செவன்களை வைத்துக் குறைந்த செலவில் பந்தயம் நடத்திவந்தது. அந்த இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இரண்டு இன்லெட் வழிகள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றது பட்டினி கிடக்கும். எல்லோரும் இதைத் தலைவிதி என்று விட்டுவிட்டார்கள். சாப்மன் அந்த வழிக்குள்ளே ஒரு தடுப்பைச் செருகினார். அவ்வளவுதான். நான்கு சிலிண்டருக்கும் நான்கு தனி வழி. 1951-ல் அவருடைய மார்க் 3 மற்றவர்களை ஓரங்கட்டிவிட்டு ஓடியது. விதிப்புத்தகத்தில் அதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை. சங்கம் உட்கார்ந்து பேசி, புதிதாக ஒரு வரி சேர்த்துத் தடை போட்டது. ஆனால் அதற்குள் மார்க் 3 மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

1952 ஜனவரி 1-ம் தேதி லோட்டஸ் இன்ஜினீயரிங் கம்பெனி பிறந்தது. ஹார்ன்ஸியில் சாப்மனின் அப்பா நடத்திவந்த ரயில்வே ஓட்டலுக்குப் பின்னால், பழைய குதிரை லாயம்தான் தொழிற்சாலை. சாப்மனுக்குப் பகலில் பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை. இருட்டிய பிறகுதான் லாயத்துக்கு வருவார். அங்கே உருவான மார்க் 6-ல்தான் அவருடைய படிப்பு முதன்முதலாக வேலைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கார் என்றால் கீழே இரண்டு கனத்த இரும்புச் சட்டம், அதன் மேல் மற்றதெல்லாம். சாப்மன் அந்த இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோண முக்கோணமாகப் பற்றவைத்தார். அலுமினியத் தகடுகளை அதன்மேல் ரிவெட் அடித்ததும், தகடும் பாரத்தைத் தாங்கியது. வெறும் சேஸியின் எடை 25 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையில் பாதி!

முதல் வண்டி அந்தக் கோடையிலேயே சாலை விபத்தில் நொறுங்கியது. கூட்டாளிகளாக இருந்த ஆலன் சகோதரர்கள் விலகிக்கொண்டார்கள். கடை அத்தோடு மூடியிருக்க வேண்டும். நொறுங்கிய காருக்கு வந்த இன்ஷூரன்ஸ் பணம்தான் காப்பாற்றியது. ஹேஸல் கொடுத்த 25 பவுண்டு கடனும் சேர்ந்துகொள்ள, 1953-ல் அது லிமிடெட் கம்பெனி ஆனது. வண்டி கட்ட ஆள் இருந்தது, வாங்கவும் ஆள் இருந்தது. நடுவில் அரசாங்கம் நின்றது.

பிரிட்டனில் புதுக் காருக்குக் கொள்முதல் வரி என்று ஒன்று. 1950-களில் அது மொத்த விலையில் பாதியாகவும், சில வருடம் அதற்கு மேலேயும் இருந்தது. பட்டறையில் கைக்காசைப் போட்டு ஸ்பேனர் பிடிக்கிற பையன்களால் அதைக் கட்ட முடியாது. ஆனால் அந்த வரி முழுக் காருக்குத்தான். உதிரி பாகத்துக்கு இல்லை. அப்படியானால் காரை விற்காமல் பாகங்களை விற்றால்? மார்க் 6 பெட்டிகளில் போனது. சேஸி லோட்டஸிடம், இன்ஜின் ஃபோர்டிடம், மற்றது அவரவர் கைக்குக் கிடைத்த இடத்தில். வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். வரி அதிகாரிகளும் சும்மா இருக்கவில்லை. பாகங்களோடு பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது முழுக் கார் விற்றதற்குச் சமம் என்றார்கள். அதற்கும் லோட்டஸ் ஒரு வழி கண்டுபிடித்தது என்று இந்தக் கார்களின் ரசிகர்கள் அலுக்காமல் சொல்வார்கள். பெட்டிக்குள் ஒரு தாள் இருக்குமாம்: இந்தக் காரைக் கழற்றுவது எப்படி. கடைசிப் பத்தியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனால் கார் தயாராகிவிடும்.

நூற்றுச் சொச்சம் மார்க் 6 அப்படித்தான் போயின. 1955-ல் சாப்மன் அலுமினியம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக லோட்டஸில் உட்கார்ந்தார். காற்றைக் கிழிக்கும் உருண்டை வடிவக் கார்கள் அணிவகுத்தன. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. இந்த வரிசையில் ஓர் ஓட்டை இருந்தது. ஆறுக்குப் பிறகு நேராக எட்டு. ஏழாம் எண்ணைக் கிளேர்மான்ட் சகோதரர்களுக்காகத் தொடங்கிய ஒரு பந்தயக் காருக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கார் கடைசியில் லோட்டஸ் பெயர் இல்லாமலேயே அவர்களிடம் போய்விட்டது. ஏழு காலியாகவே கிடந்தது.

1957-ல் சாப்மனின் கனவு எலீட்டில் இருந்தது. ஃபைபர் கிளாஸிலேயே முழு உடலும் வார்த்த கார். தனியாகச் சேஸியே கிடையாது. அந்த வருட லண்டன் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் விற்ற ஒவ்வொரு எலீட்டிலும் கம்பெனிக்குக் கைநஷ்டம். மறுபக்கம், மார்க் 6 எங்கே, மார்க் 6 எங்கே என்று பழைய பையன்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் வாயை அடைக்கச் சட்டென்று ஒரு காரைக் கட்டினார் சாப்மன். மார்க் 6-ன் எளிமை, பந்தயக் கார்களில் தேறிய சஸ்பென்ஷன், தட்டையான அலுமினியத் தகடு, ஃபோர்டு குடும்பக் காரின் 1,172 சிசி இன்ஜின், 40 குதிரைசக்தி. கதவு கிடையாது. மழை வந்தால் ஒரு துணி. எடை அரை டன்னைத் தொடாது. பெயர் யோசிக்கக்கூட நேரம் செலவழிக்கவில்லை. காலியாகக் கிடந்த எண்ணைத் தூக்கி ஒட்டினார்கள்: லோட்டஸ் செவன். ஆஸ்டின் செவனில் தொடங்கியவருக்கு அது பொருந்திப்போனது தற்செயல்தான்.

இப்படிப்பட்ட காரை ஒரு வாரக் கடைசியில் கிறுக்கிவிடலாம், மிஞ்சிப்போனால் ஒரு வாரம் என்கிற பாணியில்தான் சாப்மன் பின்னாளில் அதைப் பற்றிப் பேசினார். பெற்றவருக்கே அந்தப் பிள்ளையின் மேல் பெரிய மதிப்பில்லை.

அறுபதுகளில் லோட்டஸ் எங்கேயோ போய்விட்டது. லோட்டஸ் காரில் ஜிம் கிளார்க் 1963-ல் ஃபார்முலா 1 பட்டம் வென்றார்; 1965-ல் இன்னொரு பட்டமும் இண்டியானாபோலிஸ் 500-ம். எலான் பணக்கார இளைஞர்களின் காரானது. 1966-ல் நார்ஃபோக்கின் ஹெத்தலில், பழைய விமானப்படைத் தளத்தில் பெரிய தொழிற்சாலை எழும்பியது. அந்தப் பளபளப்புக்கு நடுவே, வீட்டு வாசலில் எண்ணெய்க் கையோடு பூட்டுகிற செவன் சாப்மனுக்குச் சங்கடமாக இருந்தது. நிறுத்திவிட நினைத்தார். சர்ரேயில் கேட்டர்ஹாம் என்ற சிற்றூரில் லோட்டஸ் விற்றுக்கொண்டிருந்த கிரஹாம் நெர்ன் குறுக்கே வந்தார். செவனை நான் விற்றுக் காட்டுகிறேன், நிறுத்தாதீர்கள் என்று மன்றாடினார். ஆனால் அவருக்கும் சந்தைக்கும் நடுவில் ஒரு அதிசயம் தேவைப்பட்டது.

அந்த அதிசயம் டெலிவிஷனில் வந்தது. ‘தி பிரிசனர்’ தொடருக்காகக் கார் கேட்டு நடிகர் பேட்ரிக் மெக்கூஹன் லோட்டஸை அணுகினார். அவருக்குக் காட்ட நினைத்தது எலான். அவர் கண் போனது செவன் மீது. வேலையை உதறிவிட்டுத் தன் இஷ்டப்படி போகத் துடிக்கும் நாயகனுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி எது? 1967-லிருந்து வாரந்தோறும், மஞ்சள் மூக்கு வைத்த பச்சைச் செவன் லண்டன் தெருக்களில் சீறிக்கொண்டு போவதை நாடே பார்த்தது. கடைசிக் காட்சிகளைப் படமெடுக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கார் கைவசம் இல்லை. வேறொரு செவனை அதே மாதிரி அலங்கரித்தார்கள். கடைசி அத்தியாயத்தில் அதைக் கொண்டுவந்து ஒப்படைப்பவராகத் தலைகாட்டுகிறார் ஒருவர். நம் கிரஹாம் நெர்ன்தான்.

1968-ல் மூன்றாம் பதிப்பு வந்தது, விற்பனை நிமிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். 1970-ல் ஹெத்தல்காரர்கள் செவனுக்கு நாகரிகம் கற்றுத்தரக் கிளம்பினார்கள். அலுமினியம் போய் ஃபைபர் கிளாஸ் உடல், அகன்ற உட்புறம், கடற்கரையில் ஓட்டும் பக்கி வண்டியின் சாயல். வசதியான கார்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வசதி வேண்டியவன் செவனிடம் ஏன் வருகிறான்? பழைய பக்தர்கள் முகம் சுளித்தார்கள். 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர, கொள்முதல் வரி போய் வாட் வந்தது. வாட்டுக்கு முழுக் கார், பாகம் என்ற பேதம் இல்லை. பெட்டிக்குள் காரை ஒளித்த தந்திரம் ஒரே நாளில் செத்தது. சாப்மன் கையை உதறினார். வரைபடம், உரிமை எல்லாவற்றையும் நெர்னிடம் விற்றார். பந்தய உலகமே வணங்கிய கம்பெனி கைகழுவிய வண்டியை ஒரு சின்ன ஊர் ஷோரூம்காரர் வாங்கியிருக்கிறார். அவருக்கு எத்தனை மாதம் தாங்கும்?

தாங்கவில்லை. புதிய பதிப்புக்கு ஃபைபர் கிளாஸ் உடல்கள் ஒழுங்காக வரவில்லை. கேட்டர்ஹாமில் கட்டியது நாற்பதைக்கூட எட்டவில்லை. பாகம் இல்லாமல் வேலை நின்றது. அந்த முட்டுச்சந்தில்தான் நெர்னுக்குப் பழைய மூன்றாம் பதிப்பு நினைவுக்கு வந்தது. அதன் குழாய்ச் சட்டத்தைப் பற்றவைத்துக் கொடுத்த ஆர்ச் மோட்டார்ஸ் இன்னும் இருந்தது. எஃகுக் குழாயும் அலுமினியத் தகடும் எங்கேயும் கிடைக்கும். வழியில்லாமல்தான் 1974-ல் பின்னோக்கிப் போனார். இன்று சாலையில் பார்க்கும் கேட்டர்ஹாம் செவன் அந்தக் கார்தான். கதவில்லாமல், வெளியே துருத்திய சக்கரங்களோடு, ஐம்பது வருடமாக அது நிற்கவே இல்லை.

லோட்டஸின் ஆன்மா எந்தக் காரில் என்று ரசிகர்கள் கூடினால் சண்டைதான். எலான் என்பார்கள் சிலர். ஜேம்ஸ் பாண்ட் கடலுக்குள் ஓட்டிய எஸ்பிரிட் என்பார்கள் சிலர். எலீஸுக்கு நிறைய ஓட்டு விழும். அலுமினியத்தைப் பசையால் ஒட்டிக் கட்டிய, 1996-ல் வந்த அந்த லேசான காரைச் சாப்மன் பார்த்திருந்தால் நிச்சயம் பொறாமைப்பட்டிருப்பார். அவர் 1982-லேயே மாரடைப்பில் போய்விட்டார். என் ஓட்டு, லோட்டஸ் என்ற பெயர்கூட இப்போது இல்லாத செவனுக்குத்தான். மற்ற கார்களில் எடையைக் குறைப்பதற்கு மூளையைச் செலவழித்தார்கள். செவனில் குறைக்க எதுவுமே வைக்கவில்லை.

நெர்னின் கையிலும் அது அடங்கி நிற்கவில்லை. நெதர்லாந்தில் டாங்கர்வூர்ட், இங்கிலாந்தில் வெஸ்ட்ஃபீல்ட் என்று ஜாடையில் அப்படியே இருக்கும் கார்கள் முளைத்தன; வெஸ்ட்ஃபீல்டோடு வழக்குவரை போனது. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டில் இதே மாதிரிக் காரை வீட்டிலேயே கட்டுவது எப்படி என்று புத்தகமே போட்டார். அதைப் படித்துக் கட்டிய கார்களுக்கென்று தனிப் பந்தயமும் வந்தது. நடத்துவது 750 மோட்டார் கிளப்.

இப்போது லோட்டஸ் சீனத்து ஜீலியின் கையில். அது வூஹானில் செய்யும் எலட்ரே என்ற மின்சார எஸ்யூவியின் எடை ஏறக்குறைய இரண்டரை டன். கேட்டர்ஹாமின் சின்னச் செவனான 170-க்கு 440 கிலோதான். உள்ளே சுசுகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின். பிரிட்டனில் இன்றும் அதைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். கூடவே பூட்டும் முறை கையேடும் வரும், நேர் வரிசையிலேயே.