வயது வந்தோர் பகல்நேர நலப் பராமரிப்பு நிலையங்கள் (கலிபோர்னியா)

வயது வந்தோர் பகல்நேர நலப் பராமரிப்பு நிலையம் என்பது, நாட்பட்ட நோய், உடற்குறை, மறதிநோய், மூளைக் காயம், உளநோய் போன்றவற்றால் தம்மைத் தாமே முழுமையாகக் கவனித்துக்கொள்ள இயலாத, எனினும் தம் வீட்டிலேயே வாழ்ந்துவரும் பெரியவர்களுக்குப் பகற்பொழுதில் மட்டும் மருத்துவ, செவிலிய, சமூகப் பணிகளை வழங்கும் நிலையம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இத்தகைய நிலையங்கள் 1970களில் தோன்றி வளர்ந்தன. இவை இயங்குவதற்கு மாநில அரசின் உரிமம் தேவை. அரசின் மருத்துவ உதவித் திட்டமான மெடி-கால் வழியாகக் கட்டணம் பெறுவதற்குத் தனியே சான்றளிப்பும் தேவை. இவ்விரண்டும் வேறுவேறு துறைகளால் வழங்கப்படுகின்றன. இக்கட்டுரை அவ்வொழுங்குமுறையை விளக்குகிறது.

பெயரும் வகைகளும்

கலிபோர்னியாவில் பெரியவர்களுக்கான பகல்நேர நிலையங்கள் இரு வகைப்படும்.

சமூக வகை: உணவு, துணை, பொழுதுபோக்கு, மேற்பார்வை ஆகியவற்றை மட்டும் வழங்கும் நிலையங்கள். இவற்றுக்கு மாநிலச் சமூக சேவைகள் துறை உரிமம் வழங்குகிறது.

நல வகை: மேற்கூறியவற்றுடன் செவிலியர் பணி, இயன்முறை மருத்துவம், மருந்து மேற்பார்வை முதலியவற்றையும் வழங்கும் நிலையங்கள். இக்கட்டுரையின் பொருள் இவ்வகையே.

இந்நிலையங்களுக்கு வருவோர் நோயாளிகள் என்று அல்லாமல் பங்கேற்பாளர்கள் என்றே அழைக்கப்படுகின்றனர். 18 வயது நிரம்பியோர் யாவரும் தகுதி பெறலாம். ஆயினும் நடைமுறையில் பெரும்பான்மையோர் முதியோரே.

வரலாறு

இக்கருத்தின் வேர்கள் பிரித்தானியாவில் உள்ளன. 1950களில் ஆக்சுபோர்டு நகரில் முதியோர் மருத்துவர் லயோனல் கோசின், இரவில் வீட்டிலும் பகலில் மருத்துவமனையிலும் முதியோர் இருக்கத்தக்க பகல் மருத்துவமனை முறையை வளர்த்தெடுத்தார். மருத்துவமனைப் படுக்கையில் நீண்ட காலம் கிடப்பதே முதியோரை மேலும் நலிவுறச் செய்கிறது என்பது அம்முறையின் அடிப்படை.

கலிபோர்னியாவில் இதற்கு வித்திட்டது சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுன் பகுதியில் 1971இல் தொடங்கப்பட்ட ஆன் லோக் என்னும் அமைப்பாகும். கண்டோனிய மொழியில் இப்பெயருக்கு அமைதியும் மகிழ்வும் உள்ள உறைவிடம் என்று பொருள். அப்பகுதியின் சீன, இத்தாலிய, பிலிப்பைன் குடும்பங்களைச் சேர்ந்த முதியோர், தம் மொழியும் உணவும் இல்லாத தொலைவான முதியோர் மருத்துவ இல்லங்களுக்குச் செல்ல விரும்பவில்லை. ஆகவே 1973இல் ஆன் லோக் ஒரு பகல்நேர நல நிலையத்தைத் திறந்தது. நாட்டின் தொடக்ககால நிலையங்களுள் இதுவும் ஒன்று. முதியோருக்கான முழுமைப் பராமரிப்புத் திட்டம் என இன்று பல மாநிலங்களில் பரவியுள்ள திட்டமும் இதிலிருந்தே பிறந்தது. 1997இல் நடுவண் சட்டம் ஒன்று அத்திட்டத்தை நிலையானதாக்கியது.

1977இல் கலிபோர்னியா சட்டமன்றம் வயது வந்தோர் பகல்நேர நலப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. 1978 முதல் இச்சேவை மெடி-கால் பயன்களுள் ஒன்றாயிற்று. மருத்துவ இல்லங்களில் தேவையின்றியோ முன்கூட்டியோ மக்கள் சேர்க்கப்படுவதைத் தவிர்ப்பதே சட்டத்தின் நோக்கம்.

மேற்பார்வை செய்யும் துறைகள்

மூன்று மாநிலத் துறைகள் இப்பணியைப் பகிர்ந்துகொள்கின்றன.

பொதுச் சுகாதாரத் துறை: உரிமம் வழங்குகிறது. கட்டடம், பாதுகாப்பு, பணியாளர் தகுதி ஆகியவற்றை ஆய்வு செய்கிறது.

முதுமைத் துறை: மெடி-கால் சான்றளிப்பைக் கவனிக்கிறது. சேவையின் தரத்தையும் திட்ட விதிகளின் நிறைவேற்றத்தையும் ஆய்வு செய்கிறது.

நலப் பராமரிப்புச் சேவைகள் துறை: மெடி-கால் திட்டத்தின் நிதிப் பொறுப்பை ஏற்கிறது. நடுவண் அரசுடன் உடன்பாடுகளைச் செய்துகொள்வதும் இத்துறையே.

2007 சூலை 1 வரை முதலாவதும் மூன்றாவதும் ஒரே சுகாதார சேவைகள் துறையாக இருந்தன. அந்நாளில் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

உரிமத்துக்கும் சான்றளிப்புக்கும் உள்ள வேறுபாடு

இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவது பொதுவான மயக்கம் ஆகும். உரிமம் என்பது நிலையம் கதவைத் திறப்பதற்கான அனுமதி. அது இன்றி எவரும் இப்பெயரில் நிலையம் நடத்த இயலாது. சான்றளிப்பு என்பது பொதுப் பணத்திலிருந்து கட்டணம் பெறும் தகுதி. உரிமம் மட்டும் பெற்ற நிலையம், தம் கைப்பணத்தைச் செலுத்துவோர்க்குச் சேவை வழங்கலாம். மெடி-கால் பயனாளிகளுக்காக அரசிடம் கட்டணம் கோர இயலாது. பங்கேற்பாளருள் மிகப் பெரும்பான்மையோர் வருவாய் குறைந்த மெடி-கால் பயனாளிகளாதலால், சான்றளிப்பை இழக்கும் நிலையம் பெரும்பாலும் மூடப்படும் நிலைக்கே தள்ளப்படுகிறது.

இதற்கான விதிகள் கலிபோர்னியா ஒழுங்குமுறைத் தொகுப்பின் 22ஆம் தலைப்பில் இரு வேறு இடங்களில் உள்ளன. சான்றளிப்பு விதிகள் 54001ஆம் பிரிவு முதலும், உரிம விதிகள் 78001ஆம் பிரிவு முதலும் தொடங்குகின்றன.

உரிமம் பெற நிறைவேற்ற வேண்டியவை

விண்ணப்பிப்போர் தம் நிதிநிலை, நன்னடத்தை, நிர்வாகத் திறன் ஆகியவற்றைக் காட்டுதல் வேண்டும். தீயணைப்புத் துறையின் பாதுகாப்பு ஒப்புதல் பெறப்படல் வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோர் இடர்ப்பாடின்றி இயங்கத்தக்க வழிகள், கழிப்பிடங்கள், ஓய்வுக்கான இடம், சிகிச்சைக்கான தனி இடம் ஆகியவை அமைதல் வேண்டும்.

ஒவ்வொரு நிலையத்திலும் திட்ட இயக்குநர், பதிவு பெற்ற செவிலியர், சமூகப் பணியாளர், செயற்பாட்டு ஒருங்கிணைப்பாளர் ஆகியோர் பணியாற்றுகின்றனர். இயன்முறை மருத்துவர், தொழில்வழி மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உணவியலாளர், உளநல ஆலோசகர் ஆகியோரின் பணியும் கிடைக்கும்படி செய்தல் வேண்டும். உதவியாளர்களின் எண்ணிக்கை பங்கேற்பாளரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒவ்வொரு 8 பங்கேற்பாளருக்கும் ஓர் உதவியாளரின் பாதிப் பணிநேரம், அதாவது 16 பேருக்கு ஒருவர், என்பது அடிப்படை விகிதம்.

தகுதி மதிப்பீடும் பராமரிப்புத் திட்டமும்

பங்கேற்பாளர் ஒருவர் நிலையத்தில் சேர்வதற்கு முன்னர், அவர் சார்ந்த மெடி-கால் நலத் திட்ட நிறுவனம் அவருடைய தகுதியை மதிப்பிடுகிறது. மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்படும் அளவுக்குத் தேவையுடையோர், மூளைக் காயமோ நாட்பட்ட உளநோயோ உடையோர், அல்சைமர் நோய் அல்லது பிற மறதிநோய் உடையோர், வளர்ச்சிக் குறைபாடு உடையோர் எனத் தகுதிப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. நோயின் பெயர் மட்டும் போதாது. குளித்தல், உடுத்தல், நடத்தல், மருந்து உட்கொள்ளுதல் போன்ற அன்றாடச் செயல்களில் ஒருவருக்கு எந்த அளவு உதவி தேவை என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

அதன்பின் நிலையத்தின் பல்துறைக் குழு அவரை நேரில் மதிப்பிட்டுத் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுதுகிறது. அவர் வாரத்தில் எத்தனை நாள் வரவேண்டும், எந்தச் சிகிச்சை எத்தனை முறை அளிக்கப்பட வேண்டும், எந்த இலக்கை எட்ட வேண்டும் என்பன அதில் இடம்பெறும். திட்டம் குறித்த கால இடைவெளியில் மீளாய்வு செய்யப்படுகிறது. ஆய்வாளர்கள் முதலில் கேட்கும் ஆவணமும் இதுவேயாகும்.

ஒரு நாள் வருகை கணக்கில் சேர, பயண நேரம் நீங்கலாகக் குறைந்தது 4 மணி நேரச் சேவை வழங்கப்படல் வேண்டும். அந்நேரத்தில் செவிலியர் பணி, தனிப்பட்ட உதவி அல்லது சமூகப் பணி, சிகிச்சைசார் செயற்பாடு, ஒரு வேளை உணவு ஆகியவை அளிக்கப்படும். வீட்டிலிருந்து அழைத்து வருவதும் கொண்டுவிடுவதும் நிலையத்தின் ஏற்பாடாகும். ஒருவழிப் பயணம் ஒரு மணி நேரத்தை விஞ்சலாகாது என்பது விதி. கட்டணம் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே அல்லாது, நாள் ஒன்றுக்கு இவ்வளவு என ஒட்டுமொத்தமாகக் கணக்கிடப்படுகிறது.

ஆய்வும் குறை திருத்தமும்

முதுமைத் துறையின் ஆய்வாளர்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நிலையத்துக்கு நேரில் சென்று சான்றளிப்பு ஆய்வு நடத்துகின்றனர். பங்கேற்பாளரின் பதிவேடுகள், வருகைப் பதிவு, பணியாளர் வருகை, மருந்துச் சேமிப்பு, உணவு ஆகியவை பார்வையிடப்படும். பதிவேட்டில் எழுதியதும் கூடத்தில் நடப்பதும் பொருந்துகின்றனவா என்பதே ஆய்வின் மையக் கேள்வி. வாரம் இருமுறை நடைப் பயிற்சி எனத் திட்டத்தில் எழுதப்பட்டு, அதற்கான சிகிச்சைக் குறிப்பு இல்லாதிருப்பின் அது குறைபாடாகக் கொள்ளப்படும்.

குறைபாடுகள் எழுத்தில் அறிவிக்கப்படும். நிலையம் குறித்த காலத்துள் திருத்தத் திட்டம் ஒன்றை அளித்தல் வேண்டும். குறைபாடு கடுமையானதாயின் சான்றளிப்பு புதுப்பிக்கப்படாமல் போகலாம் அல்லது நீக்கப்படலாம். பணியாளர்கள் முதியோர் மீதான வன்முறையையோ புறக்கணிப்பையோ அறிய நேர்ந்தால், அதை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது சட்டப்படி அவர்தம் கடமையாகும். சேவை மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ பங்கேற்பாளர் மாநில விசாரணை கோரி முறையிடலாம்.

நடுவண் அரசும் 2014இல் வீடு, சமூகம் சார்ந்த சேவைகளுக்கான விதிகளை வெளியிட்டது. தனியுரிமை, மதிப்பு, விருப்பத் தெரிவு, வெளியுலகத் தொடர்பு ஆகியவற்றைச் சேவை பெறுவோர்க்கு உறுதி செய்வதை அவை வலியுறுத்துகின்றன. இவற்றை நிறைவேற்றுவதற்கான இறுதி நாள் 2023 மார்ச்சு 17 ஆகும்.

சான்றளிப்புத் தடையும் 2011 நெருக்கடியும்

1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் நிலையங்களின் எண்ணிக்கை, குறிப்பாக லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில், விரைந்து பெருகியது. செலவு உயர்ந்ததுடன், தேவையற்றோரும் சேர்க்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 2004இல் புதிய நிலையங்களுக்குச் சான்றளிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. 2006இல் இயற்றப்பட்ட சட்டம் மருத்துவத் தேவைக்கான வரையறைகளை இறுக்கியது.

நடுவண் மெடிகெயிட் சட்டத்தின்படி மருத்துவ இல்லப் பராமரிப்பை ஒவ்வொரு மாநிலமும் கட்டாயமாக வழங்குதல் வேண்டும். பகல்நேர நலப் பராமரிப்போ மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட பயனாகவே இருந்தது. ஆகவே நிதிப் பற்றாக்குறை வந்தபோது வெட்டு முதலில் இதன்மீதே விழுந்தது. 2009இல் சேவையை வாரத்துக்கு 3 நாளாகக் குறைக்க முயன்றபோது நடுவண் நீதிமன்றம் தடை விதித்தது. 2011 மார்ச்சில் ஆளுநர் செரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் இப்பயனை முற்றாக நீக்கியது. அப்போது சுமார் 35,000 பேர் இச்சேவையைப் பெற்று வந்தனர்.

பங்கேற்பாளர்கள் சார்பில் தொடரப்பட்ட டார்லிங் எதிர் டக்ளசு என்னும் வழக்கில், இந்நீக்கம் மக்களை மருத்துவ இல்லங்களுக்குள் தள்ளும் என்று வாதிடப்பட்டது. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும், காரணமின்றி ஒருவரை நிறுவனத்துள் ஒதுக்கி வைப்பது பாகுபாடாகும் என்ற 1999ஆம் ஆண்டின் ஓம்சுடெட் தீர்ப்பும் இவ்வாதத்துக்கு அடிப்படையாயின. 2011 நவம்பரில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. 2012 மார்ச்சு 31உடன் பழைய பயன் முடிவுற்றது. மறுநாள், ஏப்ரல் 1 முதல், சமூகஞ்சார் வயது வந்தோர் சேவைகள் என்னும் புதிய திட்டம் தொடங்கியது. புதிய தகுதி வரையறைக்குள் வந்தோர் சேவையைத் தொடர்ந்து பெற்றனர். நிலையங்களின் உரிமம் பழைய பெயரிலேயே நீடித்தது, சான்றளிப்பு புதிய திட்டத்தின் பெயரில் வழங்கப்பட்டது. இன்றும் ஆவணங்களில் இரு பெயர்கள் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

கோவிட் பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகக் கூடிப் பெறும் சேவைகள் நின்றன. அதற்கு மாற்றாகத் தொலைபேசி வழிக் கண்காணிப்பு, வீட்டுக்கு உணவும் பொருள்களும் கொண்டு சேர்த்தல் போன்றவை தற்காலிக மாற்றுச் சேவைகள் என்ற பெயரில் அனுமதிக்கப்பட்டன. இவை 2022 செப்டம்பர் 30இல் முடிவுற்றன. மறுநாள் முதல், இயற்கைப் பேரிடர், தொற்றுநோய் அல்லது தனிப்பட்ட உடல்நல நெருக்கடிக் காலங்களில் மட்டும் பயன்படும் அவசரகாலத் தொலைநிலைச் சேவைகள் நடைமுறைக்கு வந்தன.

பிற மாநிலங்களில்

ஐக்கிய அமெரிக்காவில் இந்நிலையங்கள் அனைத்துக்கும் பொதுவான நடுவண் உரிமச் சட்டம் இல்லை. டெக்சாசு மாநிலத்தில் இவை பகல்நேரச் செயற்பாடு மற்றும் நலச் சேவைகள் என்ற பெயரில் உரிமம் பெறுகின்றன. நியூயார்க்கில் இவை மருத்துவ இல்லங்களைச் சார்ந்து, மாநிலச் சுகாதாரத் துறையின் மேற்பார்வையில் இயங்குகின்றன. முதியோருக்கான நடுவண் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக இச்சேவைக்குப் பணம் வழங்குவதில்லை.

விமர்சனங்கள்

உரிமமும் சான்றளிப்பும் இரு துறைகளிடம் இருப்பதால் ஒரே செய்தியை இருமுறை தெரிவிக்க வேண்டியுள்ளது என நிலையங்களை நடத்துவோர் கூறுகின்றனர். ஆவணப் பணி மிகுவதால் செவிலியரின் நேரம் பங்கேற்பாளரை விட்டு மேசைக்குச் செல்கிறது என்பதும் அவர்தம் குறை. மறுபுறம், நாள் ஒன்றுக்கு ஒட்டுமொத்தக் கட்டணம் என்ற முறையில், எழுதிய சேவையை வழங்காமலே பணம் பெறும் வாய்ப்பு உள்ளதாதலின் கடுமையான ஆய்வு இன்றியமையாதது என்பது மேற்பார்வையாளர் தரப்பு வாதம். மறதிநோயால் நடந்ததை எடுத்துரைக்க இயலாத பங்கேற்பாளர் பலர் உள்ள இடத்தில், சேவை உண்மையில் கிடைத்ததா என்பதற்குப் பதிவேடும் நேரடி ஆய்வுமே சான்றாகின்றன.

இவற்றையும் பார்க்க

மெடிகெயிட்
மெடிகேர்
முதியோர் மருத்துவம்
அல்சைமர் நோய்
ஓம்சுடெட் தீர்ப்பு