பதக்கப் பட்டியலில் கிடைத்த தடயம்

1984 பிப்ரவரி 18, சனிக்கிழமை. குவாத்தமாலா நகரில் வீட்டை விட்டுப் புறப்பட்ட எட்கர் ஃபெர்னாண்டோ கார்சியா திரும்பி வரவில்லை. சான் கார்லோஸ் பல்கலைக்கழக மாணவர், தொழிற்சங்கப் பொறுப்பாளர். அவர் மனைவி நினெத் மொன்டெனெக்ரோவின் கையில் அப்போது சின்னக் குழந்தை. தேடாத இடமில்லை. அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்று காவல்துறை சாதித்தது. அதே ஆண்டில், தன்னைப் போலவே பறிகொடுத்தவர்களோடு சேர்ந்து நினெத் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் எழுப்பிய கேள்விக்குப் பதில் அரசாங்கத்தின் கிடங்கிலேயே இருந்தது. அது வெளியே வர 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குவாத்தமாலாவின் 36 ஆண்டுகால உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்று 1999இல் உண்மை கண்டறியும் ஆணையம் மதிப்பிட்டது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதத்தினர் மாயா மக்கள். உரிமை மீறல்களில் 93 சதவீதம் அரசுத் தரப்பு செய்தவை. அந்த ஆணையம் ஆவணம் கேட்டபோது, எதுவும் இல்லை என்று காவல்துறை கைவிரித்தது.

2005 ஜூலையில் நகரத்தின் 6ஆம் மண்டலத்தில் இருந்த காவல்துறை வளாகம் ஒன்றுக்கு மனித உரிமைக் காப்பாளர் அலுவலகத்தினர் போனார்கள். அங்கே வெடிபொருள் வைத்திருப்பதாகப் புகார். உள்ளே இருந்தவை காகிதக் கட்டுகள். அறை அறையாக, தரையிலிருந்து கூரை வரை, ஈரத்தில் ஊறி, எலியும் வௌவாலும் குடியிருக்க, ஏறத்தாழ 8 கோடிப் பக்கங்கள். 1996 அமைதி உடன்படிக்கைக்குப் பிறகு கலைக்கப்பட்ட தேசியக் காவல்துறை எழுதிச் சேர்த்தவை. சுத்தம் செய்து ஸ்கேன் செய்யப்பட்டவற்றில், 2011இல் சுமார் ஒரு கோடிப் பக்கங்களை டெக்சாஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்தது. நான் படித்தது அங்கேதான்.

அங்கே ஒருவர் பெயரைத் தட்டித் தேடும் வசதி இல்லை. எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று கிளை கிளையாக இறங்க வேண்டும். காணாமல் போனவரின் குடும்பத்துக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் ஆவணங்களை அவை பிறந்த அலுவலக வரிசையிலேயே வைத்திருந்தால்தான் யார் யாருக்கு எழுதினார், யாருக்கு நகல் போயிற்று என்பது தெரியும். கட்டைப் பிரித்துப் பெயர்வாரியாக அடுக்கியிருந்தால் அந்தச் சங்கிலி அறுந்திருக்கும். கார்சியாவுக்காகப் பிறகு நடந்த வழக்கில் அந்தச் சங்கிலியே சாட்சி.

ஆகவே கார்சியாவைத் தேடுகிறவர் கார்சியாவை விட்டுவிட்டு அந்த நாளைத் தேட வேண்டும். 1984 பிப்ரவரியில் நகரத்தை யார் ரோந்து சுற்றினார்கள்? கூட்டு நடவடிக்கை மையம் என்றொரு பிரிவு காவல்துறையையும் ராணுவத்தையும் இணைத்தது. அது போட்ட திட்டத்தில், அன்றைய ‘துப்புரவு, ரோந்து’ நடவடிக்கைக்காக நகரம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எந்தப் பகுதிக்கு எந்தப் படை என்பதும் இருந்தது. துப்புரவு! மனிதர்களைப் பிடிக்கும் திட்டத்துக்கு இப்படிப் பெயர் வைத்தவர்கள் அதைத் தட்டச்சு செய்து முத்திரையும் குத்தி வைத்தார்கள்.

அடுத்த கண்ணி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்தது: காவலர்களுக்குப் பதக்கம் வழங்கக் கோரும் பரிந்துரைப் பட்டியல். நான்காம் படைப்பிரிவைச் சேர்ந்த நான்கு பேரின் பெயர்கள். அவர்கள் செய்த அருஞ்செயல் என்ன? பிப்ரவரி 18, காலை 11 மணி, 11ஆம் மண்டலம், எல் குவார்டா சந்தை. ‘நாசக்காரர்கள்’ இருவரை எதிர்கொண்டார்கள். துண்டறிக்கைகளும் ஆயுதங்களும் கைப்பற்றப்பட்டன. கார்சியாவின் பெயர் அதில் இல்லை. ஆனால் நாளும் நேரமும் இடமும் அவரோடும் அவருடன் பிடிபட்ட தோழரோடும் அப்படியே பொருந்தின. பிடிக்கவே இல்லை என்று குடும்பத்திடம் சொன்ன அதே துறை, பிடித்ததற்காகத் தன் ஆட்களுக்குப் பதக்கம் கேட்டிருக்கிறது.

இந்த ஒரு தாளை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. திட்டம், பகுதிப் பிரிப்பு, படைப்பிரிவு, பட்டியல் என்று எல்லாத் தாள்களும் ஒன்றையொன்று தாங்கியதால்தான் வழக்கு நின்றது. 2010 அக்டோபரில் நால்வரில் இருவருக்கு, எக்தோர் ரோடெரிகோ ராமிரெஸ், ஆபிரகாம் லான்செரியோ ஆகியோருக்கு, ஆளுக்கு 40 ஆண்டு சிறை. அப்பா போனபோது கைக்குழந்தையாக இருந்த அலெஹாந்திரா வழக்கறிஞராக வளர்ந்து அந்த நீதிமன்றத்தில் நின்றார். 2013இல் அன்றைய காவல்துறைத் தலைவர் எக்தோர் போல் டெ லா குரூஸுக்கும் 40 ஆண்டு. கீழே இருந்தவர்களோடு முடிந்துபோகாமல் வழக்கு மேலே ஏறியது. மேலே போன நகல்கள் அழியாமல் இருந்தன. எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். பழைய கொடுமைகள் பேசப்படும்போது மன்னிப்பு, சமரசம், மறதி என்ற சொற்களே முந்திக்கொண்டு வருகின்றன. குமாஸ்தாவின் கட்டுகளைக் காப்பாற்றாத நாட்டில் மன்னிக்கக்கூட ஆள் யார் என்று தெரியாது.

ஆனால் இந்தக் காகிதங்கள் சந்தை வரைக்கும்தான் கூட்டிப்போகின்றன. பிறகு அவரை எங்கே கொண்டுபோனார்கள்? 1999இல் வெளிவந்த ‘ராணுவ நாட்குறிப்பு’ என்ற ரகசியக் கோப்பில் 183 பேரின் விவரங்கள் இருக்கின்றன. பலருக்குச் சிறிய புகைப்படமும் உண்டு. கொன்றுவிட்டதைக் குறிக்க ‘300’ என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள்.  அந்தக் கோப்பு காட்டும் வழியில், கேள்வி காவல்துறையிடமிருந்து ராணுவத்தின் பக்கம் திரும்புகிறது. தண்டனை அறிவிக்கப்பட்ட 2010இல்கூட அவர் உடல் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கவில்லை. 2012 நவம்பரில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றமும் குவாத்தமாலா அரசைப் பொறுப்பாக்கியது.

2018இல் காவல்துறை ஆவணக் காப்பகத்தின் இயக்குநர் குஸ்தாவோ மெயோன்யோ பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஊழியர்கள் நிலையும் ஆட்டம் கண்டது. டெக்சாஸ் நகல் இருப்பதால் இணையத்தில் வைத்த பக்கங்களுக்கு ஆபத்தில்லை. மீதிப் பக்கங்களின் பாதுகாப்பு இன்னும் அரசின் தயவில் இருக்கிறது. ராணுவத்தின் கிடங்கோ இதுபோல முழுதாகத் திறக்கப்படவில்லை. சந்தைக்குப் பிறகான கார்சியாவின் கதை எழுதப்பட்டிருந்தால், அது அங்கேதான் இருக்க வேண்டும்.