ஒட்டுண்ணியைக் கொல்லும் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குவது ஏன்?

மனித இரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம், ஆப்பிரிக்கத் தூக்க நோயைச் சார்ந்த ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஆற்றல் கொண்டது. அதே புரதத்தின் இரு திரிபு வடிவங்களே, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சிறுநீரகச் செயலிழப்பு மிகுந்து காணப்படுவதற்கான முக்கிய மரபுவழிக் காரணம் என்பது 2010ஆம் ஆண்டில் தெரியவந்தது.

அபோஎல்1 எனப்படும் இந்தப் புரதம், ஒட்டுண்ணியியலையும் சிறுநீரக மருத்துவத்தையும் எதிர்பாராத விதத்தில் ஒன்றிணைத்தது. இந்த இரு துறைகளிலும் பங்களித்தவர்களுள் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் கல்லூரியைச் சேர்ந்த உயிரியல் ஆய்வாளர் ஜேன் ரேப்பர் குறிப்பிடத்தக்கவர்.

நூறாண்டுக் கேள்வி

செட்சி ஈக்களால் பரவும் டிரிப்பனோசோம் என்ற ஒற்றை உயிரணு ஒட்டுண்ணி, ஆப்பிரிக்காவில் கால்நடைகளை நகானா என்ற நோய்க்கு ஆளாக்குகிறது. ஆனால் மாடுகளை மாய்க்கும் இந்த இனம் மனிதரைத் தாக்குவதில்லை. மனித இரத்த நீர் டிரிப்பனோசோம்களைக் கொல்கிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் அல்ஃபோன்ஸ் லவரான் 1902ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்.

அந்த ஆற்றல் இரத்தத்தின் எந்தக் கூறில் உள்ளது என்பதற்கு விடை காணப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. பொதுவாக 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். துகள்களின் ஒரு சிறு பிரிவு இதில் பங்கு வகிப்பது 1978இல் தெரியவந்தது. அதற்கு அப்பால் வேறொரு கொல்லும் கூறும் இருப்பதாக ரேப்பரும் அவரது சகாக்களும் 1990களில் எடுத்துக்காட்டினர். இறுதியாக, பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் எட்டியன் பேஸ் தலைமையிலான குழு, கொல்லும் புரதம் அபோஎல்1 என்று 2003ஆம் ஆண்டில் அறிவித்தது.

இந்தப் புரதம் செயற்படும் முறை நுட்பமானது. ஒட்டுண்ணி தனக்குத் தேவையான இரும்புச்சத்துள்ள மூலக்கூறை மனித இரத்தத்திலிருந்து பெறுகிறது. அபோஎல்1 புரதத்தைச் சுமக்கும் எச்.டி.எல். துகள்களில் அந்த உணவை ஒத்த மற்றொரு புரதமும் ஒட்டியிருக்கிறது. ஒட்டுண்ணி அதனை உணவென்று எண்ணி உட்கொள்கிறது. உள்ளே அமிலத்தன்மை மிக்க பைகளை அடைந்ததும் அபோஎல்1 அவற்றின் சவ்வில் பதிந்து துளையிடுகிறது. அயனிகளும் நீரும் புகுந்து ஒட்டுண்ணி வீங்கி வெடிக்கிறது. இத்துளைகளின் தன்மையை ஆராய்வதே ரேப்பரின் ஆய்வுக்கூடத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது.

ஒட்டுண்ணியின் பதில், மனிதரின் மறுபதில்

ஆனால் டிரிப்பனோசோமின் இரு துணையினங்கள் இந்தப் பாதுகாப்பை முறியடிக்கக் கற்றுக்கொண்டன. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தென்னாப்பிரிக்கப் பிராந்தியத்திலும் காணப்படும் ரொடேசியன்ஸ் என்ற வகை, எஸ்.ஆர்.ஏ. எனும் புரதத்தைச் சுரந்து அபோஎல்1 புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. மேற்கு மற்றும் மத்திய ஆப்பிரிக்காவில் பரவும் காம்பியன்ஸ் வகை வேறு வழிகளில் தப்பிக்கிறது. மனிதருக்குத் தூக்க நோயை உண்டாக்குபவை இவ்விரண்டுமே.

இதற்கு எதிர்வினை போல மனிதரிடமும் மாற்றங்கள் தோன்றின. ஜி1, ஜி2 என்று பெயரிடப்பட்ட அபோஎல்1 திரிபுகள், மேற்கு ஆப்பிரிக்க மக்களிடம் மிகுதியாக உள்ளன. இத்திரிபுகளைக் கொண்டோரின் இரத்த நீர் ரொடேசியன்ஸ் வகையையும் கொல்வதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. காம்பியன்ஸ் விடயத்தில் நிலைமை சிக்கலானது: கினி நாட்டில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, ஜி1 உள்ளவர்களிடம் தொற்று அறிகுறியின்றி இருப்பதையும், ஜி2 உள்ளவர்களிடம் நோய் தீவிரமடைவதையும் தொடர்புபடுத்தியது.

சிறுநீரகம் கொடுக்கும் விலை

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகும் வாய்ப்பு வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. வறுமை, உயர் இரத்த அழுத்தம், மருத்துவ வசதியின்மை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவை இன்றும் பொருந்தும் காரணங்களே. ஆனால் அவை மட்டும் போதவில்லை.

ஹார்வர்டைச் சேர்ந்த மார்ட்டின் பொல்லாக், டேவிட் ஃப்ரீட்மன் ஆகியோரின் குழுவும் பேஸின் குழுவும் இணைந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, விடுபட்ட காரணத்தை அடையாளம் காட்டியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஜி1 அல்லது ஜி2 திரிபைப் பெற்றவர்களுக்குச் சில வகைச் சிறுநீரக நோய்களின் அபாயம் பல மடங்கு அதிகம் என்று அது கண்டறிந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இவ்வாறு இரு திரிபுகளையும் பெற்றவர்கள்.

எனினும் அவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. எச்.ஐ.வி. தொற்று போன்ற மற்றொரு தாக்குதல் சேரும்போதே ஆபத்து கூர்மையடைகிறது. வைரசுகளை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரோன், அபோஎல்1 உற்பத்தியைத் தூண்டுவது இதற்கான விளக்கமாக முன்வைக்கப்படுகிறது. கோவிட்-19 தொற்றுக்குப் பின்னரும் இதே வகைச் சிறுநீரகச் சேதம் பதிவாகியது.

சேதத்தை விளைவிப்பது இரத்தத்தில் சுற்றும் புரதமா, சிறுநீரகம் தானே உற்பத்தி செய்யும் புரதமா என்ற கேள்விக்கு மாற்று அறுவைச் சிகிச்சைகள் விடையளித்தன. பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் ஆயுளை நிர்ணயித்தது அதை அளித்தவரின் திரிபே. பெற்றவரின் திரிபு அல்ல. ஆக, சிக்கல் சிறுநீரக உயிரணுக்களுக்குள்ளேயே உள்ளது.

ரேப்பரின் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்கான பொறிமுறை ஒன்றை முன்வைத்தது. ஜி1, ஜி2 வடிவங்கள் மனித உயிரணுவின் வெளிச்சவ்வில் செயற்படும் துளைகளை அமைக்கின்றன. அவற்றின் வழியே சோடியமும் கல்சியமும் உட்புகுந்து உயிரணு மடிகிறது. ஒட்டுண்ணியைக் கொன்ற அதே செயல், தன் உடலின் உயிரணு மீதே நிகழ்கிறது.

இந்தியக் கிராமத்துச் சாட்சியம்

அபோஎல்1 இல்லாமலே ஒருவர் வாழ முடியுமா? விடை இந்தியாவிலிருந்து வந்தது. மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவரின் இரத்தத்தில், பொதுவாகக் கால்நடைகளை மட்டுமே தாக்கும் டிரிப்பனோசோம் இவான்சி என்ற ஒட்டுண்ணி 2004ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அவரது இரு மரபணுப் பிரதிகளும் பழுதுற்றிருந்ததால் இரத்தத்தில் அபோஎல்1 அறவே இல்லை என்று 2006இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அவரது இரத்த நீரில் இப்புரதத்தைச் சேர்த்தபோது, ஒட்டுண்ணியைக் கொல்லும் ஆற்றல் திரும்பியது.

அக்கிராமத்தில் பின்னர் நடத்தப்பட்ட ஆய்வு, இப்புரதம் இல்லாமைக்கும் சிறுநீரகத் தழும்பு நோய்க்கும் தொடர்பில்லை என்று கண்டது. இதன் பொருள் முக்கியமானது. சிறுநீரகத்துக்கு அபோஎல்1 இன்றியமையாதது அல்ல. கேடு விளைவிப்பது புரதம் இல்லாமை அல்ல, திரிந்த புரதத்தின் மிகைச் செயலே. எனவே அதைத் தடுக்கும் மருந்து உருவாக்குவது நியாயமான இலக்காகிறது. அதேவேளை, இந்த விவசாயியின் நோய் ஓர் எச்சரிக்கையும் ஆகும். தடுப்பு முழுமையானால் ஒட்டுண்ணிக்கு வாசல் திறக்கக்கூடும்.

தெற்காசிய மக்களிடம் ஜி1, ஜி2 திரிபுகள் ஏறக்குறைய காணப்படுவதில்லை. ஆகவே இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயிகளைப் பாதித்துவரும் சிறுநீரக நோயை இவற்றைக் கொண்டு விளக்க இயலாது.

மருந்தும் நீதியும்

அபோஎல்1 துளைகளை அடைக்கும் இனாக்ஸாப்லின் என்ற மருந்து, இரு திரிபுகளும் கொண்ட சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 13 வாரங்களில் சிறுநீரில் புரதக் கசிவு சராசரியாக 47.6 சதவீதம் குறைந்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. மருந்துக்கான பெரிய சோதனை 2022ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது.

மறுபுறத்தில், பபூன் குரங்குகளின் அபோஎல்1 மனிதரைத் தாக்கும் ரொடேசியன்ஸ் வகையையும் கொல்வதை ரேப்பரின் குழு 2009இல் எலிகளில் நிரூபித்தது. அந்த மரபணுவைக் கொண்ட மாடுகளை உருவாக்கும் முயற்சியில் நைரோபியிலுள்ள சர்வதேச கால்நடை ஆய்வு நிறுவனமும் இணைந்தது.

இந்தக் கண்டுபிடிப்பு 'இனம்' என்ற சொல்லின் பயன்பாட்டையும் கேள்விக்குள்ளாக்கியது. நோய் அபாயம் தோலின் நிறத்தில் இல்லை. குறிப்பிட்ட ஒரு மரபணுவின் இரு பிரதிகளில் உள்ளது. கறுப்பினத்தவர் பலரிடம் அது இல்லை. சிறுநீரகச் செயற்பாட்டைக் கணிக்கும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கெனத் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்த பெருக்கெண்ணை அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2021இல் நீக்கப் பரிந்துரைத்தது, இனத்தை உயிரியல் அளவுகோலாகக் கொள்வது குறித்த அதே விவாதத்தின் விளைவே.

ஆப்பிரிக்க மண்ணில் நிலைமை மேலும் அழுத்தமானது. கானா, நைஜீரியா நாடுகளில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் இரு திரிபுகளையும் பெற்றிருந்தனர். ஒரே ஒரு திரிபு இருந்தாலும் அபாயம் ஓரளவு உயர்வதாகவும் அது தெரிவித்தது. அதுவரை அமெரிக்கத் தரவுகளையே பெரிதும் சார்ந்திருந்த முடிவுகள் இதனால் திருத்தப்பட வேண்டியவையாயின.

தூக்க நோய் இன்று ஒழிப்பின் விளிம்பில் உள்ளது. 1998இல் ஏறத்தாழ 40,000 நோயாளிகள் பதிவான நிலை மாறி, 2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவானோரே பதிவாகின்றனர். ஒட்டுண்ணி பின்வாங்கினாலும் அதை எதிர்க்கத் தோன்றிய திரிபுகள் மக்களின் உடலில் தொடர்கின்றன. இரத்தச் சுத்திகரிப்பு வசதி பலருக்கு எட்டாத மேற்கு ஆப்பிரிக்காவிலேயே அவற்றைச் சுமப்போர் மிக அதிகம். புதிய மருந்து அங்கு எப்போது, என்ன விலையில் சென்றடையும் என்பதே இந்த அறிவியலுக்கு முன்னுள்ள அடுத்த கேள்வி.