அரசு நிதியில் சட்ட ஆலோசனை: பொறுப்புக்கூறலின் வரலாறு – தென்காசி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

தென்காசி, கடையநல்லூர், சுரண்டை, ஆலங்குளம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் பீடி சுற்றும் தொழில் பெரும்பாலும் பெண்களின் கையில் உள்ளது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. எனினும் அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதி, கூலிப் பாக்கி ஆகியவற்றில் தமக்குள்ள உரிமை இன்னதென அறிய அப்பெண் யாரிடமேனும் சென்று கேட்டாக வேண்டும். அவ்வாறு கேட்பவருக்கு அரசின் செலவில் அறிவுரை கூறும் கடமை சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு உண்டு. அந்த அறிவுரை பிழையாக அமைந்தால் யார், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்னும் வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

வறியவர் வழக்கிலிருந்து சட்ட ஆலோசனைக்கு

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 33இன் வழி, நீதிமன்றக் கட்டணம் செலுத்த இயலாத வறியவரும் வழக்குத் தொடுக்க வழிசெய்தது. இது கட்டணச் சலுகையே. வழக்குத் தொடுப்பது நன்றா, தவிர்ப்பது நன்றா என்று எடுத்துச்சொல்லும் ஏற்பாடு அன்று. அக்கருத்து அரசின் கொள்கையாக உருப்பெற்றதில் வி. ஆர். கிருஷ்ண ஐயருக்குப் பெரும்பங்கு உண்டு. தென்காசிக்கு மேற்கே எல்லையைக் கடந்தால் வரும் கேரளத்தில் 1957இல் அமைந்த அமைச்சரவையில் அவர் சட்டத்துறையைப் பொறுப்பேற்றிருந்தார். (அதற்கு முந்தைய ஆண்டு, 1956 நவம்பர் 1 அன்றுதான், செங்கோட்டை வட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது.) பின்னர் நடுவண் அரசு அமைத்த குழுவின் தலைவராக அவர் 1973இல் அளித்த அறிக்கை, சட்ட உதவியை நீதிமன்ற வாயிலுக்கு வெளியேயும் கொண்டுசெல்ல வேண்டும் என வலியுறுத்தியது.

1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசமைப்பில் 39அ பிரிவைச் சேர்த்தது. அது வழிகாட்டு நெறிகளுள் வைக்கப்பட்டமையால் நேரடியாக வலியுறுத்திப் பெறத்தக்கதன்று. இக்குறையை உச்ச நீதிமன்றமே ஓரளவு ஈடுசெய்தது. ஹுஸைனாரா காத்தூன் வழக்கில் (1979) இலவச சட்ட உதவி 21ஆவது பிரிவின் உட்கூறாகக் கொள்ளப்பட்டது. சுக் தாஸ் வழக்கிலோ (1986), இவ்வுரிமை இருப்பதை அறியாமல் வழக்கறிஞரின்றி விசாரிக்கப்பட்டவர்மீதான தண்டனையே நீக்கப்பட்டது. உரிமையைக் கேட்டுப்பெறுவது குடிமகனின் வேலை என்ற பழைய எண்ணம் அங்கே மாறியது.

கட்டுப்பாடு யாரிடம்?

அரசு பணம் கொடுக்கும். அறிவுரை அரசுக்கு எதிராகவும் அமையலாம். சிக்கலின் வேர் இதுதான். பிரிட்டனில் 1939இல் போர் தொடங்கியபோது தோன்றிய குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள், உள்ளூர்க் குழுக்களின் பொறுப்பில் தன்னார்வலர்களால் நடத்தப்பட்டவை. 1983இல் அமைச்சர் ஜெரார்டு வாகன், அவற்றின் தேசியச் சங்கத்துக்குரிய ஆண்டு மானியத்தில் பாதியை நிறுத்திவைத்தார். அரசியல் சார்பு உண்டென்பது அவருடைய குறை. டக்ளஸ் லவ்லாக் தலைமையிலான விசாரணை சங்கத்தின் பக்கமே நின்றது. பணப்பையைப் பிடித்திருக்கும் கை எவ்வளவு எளிதாக இறுகும் என்பதற்கு இது சான்று.

இந்திய நீதிமன்றமும் இதை உணர்ந்திருந்தது. சட்ட ஆய்வு மையம் எதிர் கேரள மாநிலம் என்னும் வழக்கில் (1986), தன்னார்வ அமைப்புகளைச் சட்ட உதவித் திட்டத்தில் ஈடுபடுத்தி அரசு ஆதரிக்க வேண்டும், ஆனால் அவை அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்படாமல் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டே சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது. 1994இல் திருத்தப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் தேர்ந்த வழி வேறு. நிர்வாகத்தின் பிடியிலிருந்து காக்க, முழு அமைப்பையும் நீதிபதிகளின் தலைமையில் வைத்தது. மாவட்டக் குழுவுக்கு மாவட்ட நீதிபதியும், வட்டக் குழுவுக்கு அங்குள்ள மூத்த நீதித்துறை அலுவலரும் பதவிவழித் தலைவர்கள். தன்னார்வ அமைப்புகள் உதவிநிதி பெறலாம். ஆளுகை அவற்றிடம் இல்லை. அமைச்சரின் கை எட்டாமல் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவுரை பெறுபவரின் குரலுக்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

பொறுப்புக்கூறல் இங்கு மேல்நோக்கியே செல்கிறது. சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி ஆணைக்குழுக்களின் கணக்குகள் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் தணிக்கைக்கு உரியவை. அறிக்கைகள் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் வைக்கப்பட வேண்டும். செலவுக்கு இவ்வாறு கணக்கு உண்டு. சொல்லப்பட்ட அறிவுரையின் தரத்தை அப்பிரிவு தொடுவதில்லை. 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் கண்காணிப்புக் குழுக்களை ஏற்படுத்தியபோதும், அவையும் அதே அமைப்பின் உள்ளேயே இயங்குபவை.

தென்காசியும் குற்றாலமும்

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதுவரை மாவட்டத் தலைமை திருநெல்வேலியில் இருந்தது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்படும்வரை மேல்முறையீடு என்றால் சென்னைக்கே செல்ல வேண்டும். தொலைவு குறைந்தது உண்மை. ஆனால் அருகில் வந்தது தீர்ப்பு வழங்கும் அமைப்பே. அறிவுரையின் குறையை விசாரிக்கும் அமைப்பு எதுவும் அதனுடன் வரவில்லை.

முன்னர்க் கூறிய பீடித் தொழிலாளியையே எடுத்துக்கொள்வோம். 12ஆவது பிரிவின்படி, பெண் என்பதனாலேயே, வருமான வரம்பின்றி அவர் உதவிக்கு உரியவர். கூலிப் பாக்கி குறித்த வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளுமாறு அவருக்கு அறிவுரை கூறப்படுகிறது என்று கொள்வோம். ஒப்புக்கொண்ட தொகை உரியதைவிடக் குறைவு எனப் பின்னர் தெரியவந்தாலும் 21ஆவது பிரிவின்படி மேல்முறையீடு கிடையாது. நல்லெண்ணத்துடன் செய்த செயல்களுக்கு 24ஆவது பிரிவு காப்பளிக்கிறது. வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வாராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தக்க காரணம் உண்டு. மூன்றும் ஒருங்கே சேரும் இடத்தில் அப்பெண் நிற்கிறார். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவருக்குச் செலவு விவரத்தைப் பெற்றுத்தரும். இழந்த தொகையைப் பெற்றுத்தராது.

குற்றாலத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஜூன் முதல் செப்டம்பர்வரையிலான சாரல் காலத்தில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வெளியூர்த் தொழிலாளர் வருகின்றனர். 2011ஆம் ஆண்டின் சட்டப்பணி மைய ஒழுங்குமுறைகள் தன்னார்வலர் அமரும் உள்ளூர் மையங்களுக்கு இடமளிக்கின்றன. 2017இல் தொடங்கி நாடெங்கும் விரிவாக்கப்பட்ட டெலி-லா திட்டமோ நடுவண் நீதித்துறைச் செயலகத்தின் வழி வருகிறது. விலக்கிவைக்கப்பட்ட நிர்வாகம் தொலைபேசி வழியே திரும்பியிருக்கிறது எனலாம். ஆகஸ்டில் ஒருவர் தன்னார்வலரிடமும் தொலைபேசியிலும் கேட்டு, முரண்பட்ட இரு விடைகளைப் பெறக்கூடும். எது பிழை என்று அவருக்குத் தெரியவரும்போது சாரல் ஓய்ந்து கடைகள் மூடப்பட்டிருக்கும். அவரும் சொந்த ஊர் திரும்பியிருப்பார்.