உள்ளத்தில் உதிப்பவை: இல்ஹாம், வாரித், வஸ்வாஸ்

கல்மண்டபத்தையடுத்த ஒரு பள்ளிவாசலில் மாலை வகுப்பு முடிந்து நாம் எழுந்தபோது இளைஞர் ஒருவர் அணுகி, "ஹஜ்ரத், எனக்கு இல்ஹாம் வந்தது" என்றார். காசிமேட்டில் விசைப்படகொன்றில் பங்கு வாங்க வேண்டும் என்று சுப்ஹுத் தொழுகைக்குப் பின் அவர் மனத்தில் திடீரெனப் பட்டதாம். அதற்காக மனைவியின் நகைகளை விற்கத் துணிந்திருந்தார். படகைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கையாண்ட சொல் நம்மை உறுத்தியது.

தமிழில் இத்தகைய எண்ணங்களுக்குச் சொற்கள் பல உண்டு. பொறி தட்டியது, பளிச்சிட்டது, மனத்தில் பட்டது, உதித்தது என்பவையெல்லாம் எண்ணம் வந்த விதத்தைக் காட்டுகின்றன. தீப்பொறியும் மின்னலும் கதிரவனும் அவற்றுள் இருக்கின்றன. அரபு மொழியில் ஆன்மிக நூலோர் கேட்ட கேள்வி வேறு: எங்கிருந்து வந்தது?

இமாம் குஷைரீ (ரஹ்) (மறைவு 1072) தம் 'ரிஸாலா'வில், உள்ளத்தில் வந்து விழும் எண்ணத்துக்குக் 'காத்திர்' என்று பொதுப்பெயர் தருகிறார். அது வானவர் வழி வந்தால் இல்ஹாம்; மனஇச்சையிலிருந்து எழுந்தால் ஹாஜிஸ்; ஷைத்தான் ஊதியதாயின் வஸ்வாஸ்; இறைவனிடமிருந்தே வருவது 'காத்திருல் ஹக்'. ஆக, ஒரே நொடியில் ஒரே மனத்தில் பட்ட எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகள் இருக்கக்கூடும். நம் இல்லங்களில் ஒளூவைத் திரும்பத் திரும்பச் செய்பவரை 'வஸ்வாஸ் பிடித்தவர்' என்கிறோம். அச்சொல்லின் ஒரு மூலையே நம்மிடம் எஞ்சியிருக்கிறது.

குர்ஆனின் வழக்கோ இன்னும் விரிந்தது. தேனீக்கும் மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கும் அறிவிக்கப்பட்டதை அது 'வஹீ' என்ற வேரினாலேயே சொல்கிறது. ஷைத்தான்கள் தம் தோழர்களுக்கு இரகசியமாகச் சொல்வதற்கும் அதே வேர்தான். மறைவாக, விரைவாக உணர்த்துதல் என்பது அதன் மொழிப்பொருள். பின்னர் அச்சொல் நபிமார்களுக்கே உரிய கலைச்சொல்லாய் இறுகிற்று. இதனால்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சிலர் தேனீயின் இடத்தில் 'உள்ளுணர்வு' என்று பெயர்த்தனர். அதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆயினும் ஒரே வேர் அங்கே நிற்பது தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போகிறது. இல்ஹாமின் வேரோ குர்ஆனில் ஓரிடத்தில், அஷ்ஷம்ஸ் அத்தியாயத்தில், மட்டுமே வருகிறது.

கல்மண்டபத்திற்கு வடக்கே, தொண்டியார்பேட்டையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களை இவ்விடத்தில் எண்ணாமல் இருக்க இயலவில்லை. தொண்டிக்கருகில் பிறந்து, கீழக்கரையில் பயின்று, துறவு பூண்டு, இறுதியில் இராயபுரத்து இலெப்பைக்காட்டில் தங்கியவர் அவர். (தொண்டியாரால் பேட்டைக்குப் பெயர் வந்தது என்பர், அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1693-இல், கும்பினியார் பெற்ற ஊர்களுள் இப்பெயர் இருப்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.) அவர் தம் நிலையில் ஆழ்ந்து பாடப் பாட மாணவர்கள் எழுதிக்கொண்டனர் என்பது வழிவழிச் செய்தி. அப்பாடல்களை 'இல்ஹாம்' என்று போற்றுவோரும் உளர். அவற்றிலுள்ள மனோன்மணியையும் சித்தர் மொழியையும் கண்டு முகம் சுளிப்போரும் உளர். இரு சாராரும் ஒரு சொல்லை மறந்துவிடுகின்றனர் என்பது நம் கருத்து.

அது 'வாரித்'. உள்ளத்தின்மீது நாடாமலே வந்திறங்கும் நிலை அது. காத்திர் பேச்சு வடிவாய் வருவது. வாரித் மகிழ்ச்சியாகவோ துயராகவோ ஒடுக்கமாகவோ விரிவாகவோ வரலாம், அதற்குச் சொல் வேண்டியதில்லை என்று குஷைரீயே பிரித்துக் காட்டுகிறார். குணங்குடியாருக்கு வந்தது வாரித் எனக் கொண்டால், அதை ஏந்திய பாத்திரம் அவர் கற்ற தமிழ். 'பராபரக்கண்ணி' என்னும் பெயரும் யாப்பும் அவருக்கு முன்பே தாயுமானவரிடம் இருந்தவை. வானிலிருந்து கண்ணியும் எதுகையும் இறங்கவில்லை. ஆகவே அவர் சொல்லாட்சியை மதிப்பிடுவது அவர் நிலையை மறுப்பதாகாது. அவர் நிலையை மதிப்பது ஒவ்வொரு சொல்லையும் மார்க்க ஆதாரமாக்குவதும் ஆகாது.

வாரிதைப் போலன்றி, புலமையால் விளையும் திடீர்க் கவிக்கும் அரபியர் பெயரிட்டனர். தடையின்றிப் பொழிவது 'இர்திஜால்'. நொடிப்பொழுதேனும் சிந்தனை கலந்தது 'பதீஹா'. இரண்டும் ஒன்றல்ல என்று இப்னு ரஷீக் தம் 'உம்தா'வில் வாதிடுகிறார். தமிழில் இரண்டையும் 'ஆசுகவி'க்குள் அடக்கிவிடுகிறோம். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரின் விடைகளைப் பதீஹாவில் சேர்ப்பதே பொருந்தும். பயிற்சி அங்கே மின்னலாய்த் தோன்றுகிறது. மெய்யியலில் இப்னு சீனா 'ஹத்ஸ்' என்றதும், தேடாமலே அறிவு நடுப்பதத்தைத் தொடுவதும், இதற்கு அண்டையில் நிற்பதுதான்.

மத்ரஸாக்களில் ஓதப்படும் 'அகாயித்' நூலில் இமாம் நஸஃபீ (ரஹ்) (மறைவு 1142), ஒன்று சரியென அறிவதற்குரிய காரணங்களுள் இல்ஹாம் அடங்காது என்று தெளிவாக எழுதியுள்ளார். பொதுமக்களுக்கு அது ஆதாரமாகாது என்பதே கருத்தென உரையாசிரியர் தஃப்தாஸானீ விளக்குகிறார். இதை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம்; ஆனால் படகுப் பங்கு கேட்டு வந்த இளைஞரிடம் நஸஃபீயைச் சொல்லிப் பயனில்லை.

ஜுனைத் (ரஹ்) அவர்களின் சோதனையைச் சொன்னோம். மனஇச்சை ஒன்றைக் கேட்டால், அது கிடைக்கும்வரை அதையே கேட்டு நச்சரிக்கும். ஷைத்தானை மறுத்தாலோ அவன் வேறொரு தவற்றுக்குத் தாவுவான்; எந்தப் பாவமும் அவனுக்குச் சமமே. "ஒரு மாதம் நகையைத் தொடாதீர்கள், மனம் என்ன கேட்கிறது என்று பார்த்து வந்து சொல்லுங்கள்" என்றோம்.

ஒரு மாதம் கழித்து வந்தார்.

"அதே படகுதான், ஹஜ்ரத். நாள் தவறாமல்" என்றார். பிறகு சற்று வெட்கத்துடன், "அப்படியானால் அதற்கு என்ன பெயர் சொன்னீர்கள்?" என்று கேட்டார். 'ஹாஜிஸ்' என்று எழுதிக் கொடுத்தோம்.