பாகாயத்துக்கு வந்த கேள்வி

"உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க?"

திண்ணையில் யாரும் யாரிடமும் கேட்கிற கேள்விதான். மருத்துவத்துக்குள் நுழைய அது ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது. தைவானில் சாமியாடிகளையும் அவர்களைத் தேடிப் போனவர்களையும் கவனித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன், 1970களின் கடைசியில் இந்தக் கேள்வியை எழுதி வைத்தார். கூடவே சில துணைக் கேள்விகள்: எதனால் வந்தது, ஏன் இப்போது வந்தது, எதற்குப் பயப்படுகிறீர்கள்? 1998இல் லண்டனில் அது சிறிய நேர்காணல் படிவமானது. உருவாக்கியவர்களில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப்பும் ஒருவர். பிறகு படிவம் தமிழ் பேசியது.

சிஎம்சியின் மனநல மையம் வேலூர் பாகாயத்தில் இருக்கிறது. அங்கே நோயாளியைச் சேர்த்துவிட்டு ஊருக்குக் கிளம்ப முடியாது; வீட்டார் கூடவே தங்க வேண்டும். அதனால் கேள்வி ஒன்று, பதில் மூன்று. ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்த பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புஜத்தில் தர்காவில் ஓதிக் கட்டிய, தோலுறையில் தைத்த தாயத்து. வியர்வை ஊறி அதன் ஓரம் கறுத்திருக்கிறது. அம்மா, "யாரோ செய்வினை வெச்சுட்டாங்க சார்" என்பார். அப்பாவுக்கு அது தலையெழுத்து. அக்கா, தூக்கமில்லாத நைட் ஷிப்ட்டைச் சொல்வாள். மூன்றும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கும்.

வேலூரில் மனச்சிதைவு முதன்முறையாகக் கண்ட 131 பேரிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. 70 சதவீதத்தினர் தெய்வம், மாந்திரீகம் போன்றவற்றையே காரணமாகச் சொன்னார்கள். 22 சதவீதத்தினர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை நம்பினார்கள். எனக்கு அந்த 22தான் நெருக்கம். நம்மில் பலர் மாத்திரையை விழுங்கிவிட்டுத் திருநீறும் பூசுகிறவர்கள்தானே?

கேட்பது சுலபம். பதிலைக் கேட்டபின் வாதாடாமல் இருப்பதுதான் கஷ்டம். டாக்டருக்கும் ஒரு சாமி உண்டு, அல்லது சாமியே இல்லை என்ற பிடிவாதம் உண்டு. தாயத்தைக் கழற்றச் சொல்லாமலே மருந்தைப் பற்றிப் பேச முடியும் என்பது ஜேக்கப் போன்றவர்களின் கட்சி. எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் தாயத்து வேறு, சங்கிலி வேறு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீ விபத்தில் சங்கிலியோடு எரிந்து செத்தார்கள். சங்கிலிக்கு எந்த மரியாதையும் கிடையாது.

உங்கள் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்: இங்கே வருவதற்கு முன்னால் எங்கெங்கே போனீர்கள், யார் என்ன கட்டிவிட்டார்கள் என்று.