மூட்டை கட்டிய தேவாலயம்

போலந்தின் தெற்கு ஓரத்தில் கார்பாச் என்றொரு மலையூர். அங்கே சுற்றுலா போகிறவர்கள் மூச்சு வாங்க ஏறிப் பார்ப்பது ஒரு கறுத்த மரத் தேவாலயத்தை. கூரையில் மீன்செதில் போல மரச்சில்லுகள், முகட்டில் வாய் பிளந்த டிராகன் தலைகள். பெயர் வாங். அந்தப் பெயரில் பக்கத்தில் ஊர் எதுவும் கிடையாது. வாங் இருப்பது நார்வேயில்.

அங்கே 1200 வாக்கில் எழுந்த கட்டடம் இது. பந்தக்காலை மண்ணில் ஊன்றினால் அடி உளுத்துப்போகும் அல்லவா? பழைய நார்வேத் தச்சர்களும் அப்படித்தான் நட்டு ஏமாந்தார்கள். பிறகு கல்மேல் உத்திரம் கிடத்தி, அதன்மேல் தூண்களை நிறுத்தினார்கள். காடியில் பலகையைச் செருகி, மரமுளை அடித்து, பைன் மரத் தார் பூசினார்கள். சுண்ணாம்புக் காரை இல்லாத கட்டடம். பூட்டியதைக் கழற்றவும் முடியும். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாங் மக்களுக்குக் கோயில் போதவில்லை. புதிதாகக் கட்டிக்கொண்டு பழையதை ஏலம் விட்டார்கள். பதறியவர் யோஹான் கிறிஸ்தியான் டால் என்ற ஓவியர். நார்வேயின் பெர்கனில் பிறந்து ஜெர்மனியின் டிரெஸ்டனில் வாழ்ந்தவர். சொந்த நாட்டில் ஆதரவு கிடைக்காமல், பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெடரிக் வில்லியமைப் பிடித்தார். 1841இல் தேவாலயம் விலைபோனது. துண்டு துண்டாகக் கழன்று கப்பலேறி ஸ்டெட்டின் துறைமுகம் வழியாக பெர்லின் சேர்ந்தது.

பெர்லின் அருகே மயில் தீவில் அதை நிறுத்த மன்னர் நினைத்திருந்தார். தோட்டத்து அலங்காரமாய் முடிந்திருக்கும்! அந்நேரம் பார்த்து, கார்பாச் பக்கத்தில் கோயில் இல்லாத மலைமக்களுக்காக ரெடன் சீமாட்டி என்பவர் வாதாடினார். மன்னர் மனம் மாறினார். மூட்டைகள் மறுபடி புறப்பட்டன. 1842இல் அடிக்கல், 1844இல் வழிபாடு. ஸ்னியெஷ்கா சிகரத்துக் காற்றைத் தடுக்கப் பக்கத்திலேயே ஒரு கல்கோபுரமும் எழுந்தது. உளுத்த பாகங்களுக்குப் பதில் புது மரம் நிறையச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் செதுக்கிய கதவுநிலைகளில் பழைய உளியைப் பார்க்கலாம்.

அதன்பின் நகல்காரர்கள் கிளம்பினார்கள். நார்வேயின் போர்குண்ட் தேவாலயத்தைப் பார்த்து ஜெர்மனியின் ஹானன்கிளேயில் 1908இல் ஒன்று, அமெரிக்காவின் ரேப்பிட் சிட்டியில் 1969இல் ஒன்று. 1893 சிகாகோ கண்காட்சிக்கு நார்வே அனுப்பிய அரங்கும் இதே சாயல்தான். ஓர்க்டாலில் செய்து கப்பலேற்றிய அந்தக் கட்டடம் விஸ்கான்சினில் பல காலம் நின்றது. 2015இல் அதைக் கழற்றி ஊருக்கே கொண்டுபோனார்கள்.

வாங் தேவாலயம் திரும்பவில்லை. 1945க்குப் பின் சுற்றியிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற, ஊரே போலந்துக்குப் போயிற்று. கத்தோலிக்க நாட்டின் நடுவே அது இன்றும் லூத்தரன் கோயில். கல்யாண ஜோடிகள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.